காப்புரிமையா, ரகசியமா, வெளியீடா: பட்டறையில் பிறந்த புதுமையை எப்படிக் காப்பது?

கோவையிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் சிறிய அளவில் இயந்திரமோ மின்னணுக் கருவியோ செய்பவர்கள், புதிதாக ஒன்றைச் செய்து முடித்தவுடன் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். காப்புரிமைக்கு விண்ணப்பித்தால் செய்முறை முழுவதையும் எழுதிக் கொடுத்தாக வேண்டும். விண்ணப்பிக்காமல் சந்தையில் இறக்கினால் பக்கத்துத் தெருக்காரர் அப்படியே காப்பியடித்துவிடுவார். இரண்டுக்கும் நடுவே தயங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் பொருள் விற்பனைக்கு வந்துவிட, விண்ணப்பிக்கும் உரிமையே கைநழுவிப் போவதும் அடிக்கடி நடக்கிறது.

இந்தக் கட்டுரை நான்கு வழிகளை ஒப்பிடுகிறது: காப்புரிமை பெறுவது, தொழில் ரகசியமாக வைத்துக்கொள்வது, எவரும் காப்புரிமை பெற முடியாதபடி தாமே வெளியிட்டுவிடுவது, காப்புரிமை பெற்று அதைப் பிறருக்குத் திறந்துவிடுவது. பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு கற்பனை எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு சிறு நிறுவனம் ஆழ்துளைக் கிணற்றுக்கான சப்மெர்சிபிள் பம்பு ஒன்றை உருவாக்கியிருக்கிறது. அதில் மூன்று புதுமைகள் உள்ளன: மணல் கலந்த தண்ணீரிலும் விரைவில் தேயாத வடிவத்தில் இம்பெல்லர் (சுழன்று தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்), அந்த இம்பெல்லரை வார்த்த பிறகு செய்யும் தனிப்பட்ட வெப்பப் பதப்படுத்தல், கிணற்றில் தண்ணீர் வற்றியதை மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்தே கண்டுகொண்டு, கம்பிச்சுருள் கருகுவதற்கு முன் மோட்டாரை நிறுத்தும் ஸ்டார்ட்டர் பெட்டி நிரல். ஒரே பம்புதான் என்றாலும் இந்த மூன்றுக்கும் விடை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

## முதலில் அளவுகோல்கள்

மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது, பொருளைப் பிரித்துப் பார்த்தால் புதுமை தெரிந்துவிடுமா என்பது. போட்டியாளர் ஒருவர் டீலரிடம் உங்கள் பம்பை முழு விலை கொடுத்து வாங்குகிறார். கோவையின் கணபதியிலோ சின்னவேடம்பட்டியிலோ ஒரு பட்டறை மேசையில் வைத்து ஸ்டட்டுகளைக் கழற்றி, அடுக்கடுக்காக இருக்கும் கிண்ணங்களை உருவி, ஒரு இம்பெல்லரை மட்டும் எடுத்துத் துடைத்து, டை (வார்ப்பு அச்சு) போடுபவரிடம் நீட்டி, "ஏனுங்ண்ணா, இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க" என்கிறார். இதில் திருட்டு எதுவும் நடக்கவில்லை. கடையில் வாங்கிய பொருளைப் பிரித்துப் பார்க்க அவருக்கு முழு உரிமை உண்டு. இவரைத் தடுக்கக்கூடியது காப்புரிமை ஒன்றுதான். ஆனால் அதே இம்பெல்லரை அவர் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும், அது எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் உலையில் இருந்தது, எதில் குளிர்விக்கப்பட்டது என்பதை அறிவது எளிதல்ல.

அடுத்தது புதுமையின் ஆயுள். சந்தையில் மூன்று ஆண்டு மட்டுமே நிற்கப்போகும் மாடலுக்கு, ஒப்புதல் கிடைக்கவே சில ஆண்டுகள் ஆகக்கூடிய காப்புரிமை பந்தி முடிந்த பிறகு போட்ட இலையாகிவிடும்.

மூன்றாவது, ஒருவர் மீறினால் அதைக் கண்டுபிடித்து, நிரூபித்து, நீதிமன்றத்தில் நின்று பிடிக்க உங்களால் முடியுமா என்பது. நான்காவது, முதல் நாள் கட்டும் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், இருபது ஆண்டுக் கணக்கில் பணமும் நேரமும் எவ்வளவு போகும் என்பது. ஐந்தாவதைப் பலர் யோசிப்பதே இல்லை: பிறர் உங்கள் புதுமையின் மேல் இன்னொன்றைக் கட்டினால் அது உங்களுக்கு லாபமா, நட்டமா? காப்புரிமை புத்தாக்கத்தை வளர்க்கிறதா, முடக்குகிறதா என்று பொருளியலாளர்கள் நடத்தும் நெடிய விவாதம் ஒரு சிறு தொழில்முனைவோரின் கணக்குப் புத்தகத்துக்குள் நுழைவது இந்தக் கேள்வியின் வழியாகத்தான்.

| அளவுகோல் | காப்புரிமை | ரகசியம் | வெளியீடு | பெற்றுத் திறந்துவிடுதல் |
|---|---|---|---|---|
| பிரித்தால் தெரியும் புதுமை | பொருந்தும் | பயனில்லை | பிறர் முடக்காமல் காக்கும்; நகலைத் தடுக்காது | பொருந்தும் |
| எவ்வளவு காலம் | விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு | கசியும் வரை | தனியுரிமை இல்லை | 20 ஆண்டு, நிபந்தனையோடு |
| பிறர் தாமாகவே கண்டுபிடித்தால் | தடுக்கலாம் | தடுக்க முடியாது | இருவரும் பயன்படுத்தலாம் | தடுக்கலாம் அல்லது உரிமம் தரலாம் |
| மறைவான செலவு | வழக்கு, புதுப்பித்தல், முழு வெளிப்பாடு | ஊழியர் வெளியேற்றம், கட்டுக்காவல் | முன்னிலையை இழப்பது | காப்புரிமைச் செலவு முழுவதும், வருமானம் இல்லாமல் |
| அடுத்த கண்டுபிடிப்பாளருக்கு | படிக்கலாம். அனுமதியின்றிச் செய்ய முடியாது | எதுவும் கிடைக்காது | படிக்கலாம், செய்யலாம் | படிக்கலாம், நிபந்தனையோடு செய்யலாம் |

## காப்புரிமை

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-இல் இயற்றப்பட்டு 1972-இல் நடைமுறைக்கு வந்தது. அது தருவது பிறரைத் தடுக்கும் உரிமை. நீங்கள் செய்யலாம் என்ற உத்தரவாதத்தை அது தருவதில்லை. உங்கள் இம்பெல்லருக்குக் காப்புரிமை கிடைத்தாலும், அதைத் தாங்கும் பம்பின் வேறொரு பகுதி மற்றவரின் காப்புரிமைக்குள் வந்தால் அவரிடம் அனுமதி பெறாமல் நீங்கள் விற்க முடியாது. இந்த வேறுபாடு புரியாமல் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டகம் போட்டு மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம்.

அரசுக் கட்டணம் பலரும் அஞ்சுகிற அளவுக்குப் பெரிதல்ல. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோர் இணையவழியில் விண்ணப்பிக்க 1,600 ரூபாயும், ஆய்வு கோரும் படிவம் 18-க்கு 4,000 ரூபாயும் கட்ட வேண்டும். மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை ஆண்டுக்கு 800, பத்தாம் ஆண்டு வரை 2,400, பதினைந்தாம் ஆண்டு வரை 4,800, இருபதாம் ஆண்டு வரை 8,000 ரூபாய் என்று புதுப்பித்தல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். கூட்டிப் பார்த்தால், இருபது ஆண்டும் உயிரோடு வைத்திருக்கப் புதுப்பித்தலுக்கு மட்டும் 76,800 ரூபாய். பெரிய நிறுவனங்களுக்கு இது ஐந்து மடங்கு. சிறு நிறுவனச் சலுகையைப் பெற, சிறு தொழில் பதிவான உத்யம் சான்றுடன் படிவம் 28-ஐத் தாக்கல் செய்ய வேண்டும். இதை மறந்து முழுக் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு வருந்துவதில் பயனில்லை.

உண்மையான செலவு வேறு இடங்களில் இருக்கிறது. கண்டுபிடிப்பை விளக்கும் விவரக்குறிப்பையும், அதில் எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் உரிமைகோரல்களையும் எழுதும் முகவருக்கான ஊதியம் அரசுக் கட்டணத்தைப் பல மடங்கு மிஞ்சும். அதில் சிக்கனம் பிடிப்பது பெரும்பாலும் வீண். உரிமைகோரலில் "ஆறு இறக்கைகள் கொண்ட" என்று எழுதிவிட்டால், ஏழு இறக்கை வைத்தவரை அதன் சொற்களைக் கொண்டு பிடிப்பது மிகக் கடினம். காப்புரிமை அலுவலகத் தேர்வாளர் ஆட்சேபங்களை எழுப்பினால் ஆறு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலில் நீங்கள் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு சொல்லும் பின்னாளில் உங்களுக்கு எதிராகவே படிக்கப்படும். வெளிநாட்டிலும் பாதுகாப்பு வேண்டுமென்றால் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகச் செலவழிக்க வேண்டும். உலகம் முழுவதற்குமான ஒரே காப்புரிமை என்று எதுவும் கிடையாது.

சான்றிதழ் கிடைத்துவிட்டதாலேயே எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை. ஒப்புதல் தரப்பட்ட காப்புரிமை செல்லத்தக்கதுதான் என்று சட்டம் உத்தரவாதம் தரவில்லை. எதிர்த்தரப்பு எப்போது வேண்டுமானாலும் அதை ரத்து செய்யக் கோரலாம். மதுரையைச் சேர்ந்த ஒரு கண்டுபிடிப்பாளர், ஒரே கைபேசியில் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் அட்டைகளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்று, அதைக் காட்டிச் சுங்கத்துறை வழியாகவே அத்தகைய கைபேசிகளின் இறக்குமதியைத் தடுக்க முயன்றார். கைபேசி நிறுவனங்கள் எதிர்த்து நின்றன. 2012-இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது.

வழக்கு எவ்வளவு நீளும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. சிறிய எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் தன் தொழில்நுட்பத்தை, ஓசூரைத் தளமாகக் கொண்ட டிவிஎஸ் தன் ஃபிளேம் மோட்டார் சைக்கிளில் பயன்படுத்திவிட்டதாக பஜாஜ் வழக்குத் தொடுத்தது. 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். டிவிஎஸ் ஒற்றைப் பிளக்குடன் வண்டியை விற்க நேர்ந்தது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்குகளில் இடைக்கால உத்தரவுக்காகவே ஆண்டுக்கணக்கில் வாதிட்டுக்கொண்டிராமல், நாள்தோறும் விசாரித்து நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. ஆனால் அந்தத் தகராறு 2019-இல் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்ட பிறகுதான் ஓய்ந்தது. இரண்டுமே பெரிய நிறுவனங்கள், தாக்குப்பிடித்தன. பதினைந்து பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமைக்கென்றே தனிப் பிரிவு ஏற்பட்டிருப்பது ஓரளவு ஆறுதல்.

இனி ஐந்தாவது அளவுகோல். ஜேம்ஸ் வாட் தன் தனிக் குளிர்விப்பான் நீராவி எஞ்சினுக்கு 1769-இல் காப்புரிமை பெற்றார். 1775-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதை 1800 வரை நீட்டித்தது. அந்த உறுதியை நம்பித்தான் போல்டன் என்ற தொழிலதிபர் அவரோடு சேர்ந்து பணத்தை இறக்கினார் என்பது காப்புரிமையின் பக்கம் உள்ள வலுவான வாதம். இதே காலத்தில் ஹார்ன்புளோயர் என்பவர் இரண்டு சிலிண்டர்களைக் கொண்ட கூட்டு எஞ்சினை உருவாக்கியிருந்தார். வாட் தரப்பு தன் காப்புரிமையைக் கொண்டு அந்த முயற்சியை வழக்கில் முடக்கியது. வாட்டும் தப்பவில்லை. நேர்க்கோட்டு அசைவைச் சுழற்சியாக மாற்றும் சாதாரண கிராங்க்கை நீராவி எஞ்சினில் பயன்படுத்த 1780-இல் பிக்கார்டு என்பவர் காப்புரிமை பெற்றுவிட்டதால், வாட் சுற்றி வளைத்துச் சூரியன்-கோள் பற்சக்கர அமைப்பைப் பொருத்த நேர்ந்தது. பூட்டுப் போட்டவரே இன்னொருவரின் பூட்டுக்கு வெளியே நின்றார்.

அண்மைக் காலத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரத்திலும் இதையே பார்க்கலாம். உருகிய பிளாஸ்டிக் இழையை அடுக்கடுக்காகப் படியவைக்கும் முறைக்கு ஸ்ட்ராட்டசிஸ் நிறுவனத்தின் ஸ்காட் கிரம்ப் 1992-இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 2009-இல் காலாவதியானது. பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005-இல் தொடங்கிய ரெப்ராப் என்ற திறந்த திட்டம் ஏற்கெனவே தயாராக இருந்ததால், காப்புரிமை முடிந்தவுடன் மலிவான இயந்திரங்கள் பெருகின. அதுவரை பெரிய நிறுவனங்களின் ஆய்வகத்தில் மட்டுமே இருந்த கருவி, கல்லூரி மாணவர் மேசைக்கு வந்தது. அந்த முதல் காப்புரிமை இல்லாதிருந்தால் கிரம்ப் முதலீடு திரட்டியிருப்பாரா என்பதும் நியாயமான கேள்விதான். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க எவராலும் இயலவில்லை.

இந்த வரலாற்றில் நமக்கொரு நேரடிப் பயன் உண்டு. காலாவதியான காப்புரிமைகளையும், இந்தியாவில் விண்ணப்பிக்கப்படாத வெளிநாட்டுக் காப்புரிமைகளையும் இங்கே காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். பின்னதைப் பயன்படுத்திச் செய்த பொருளை, காப்புரிமை உயிரோடு இருக்கும் நாட்டுக்கு ஏற்றுமதி செய்வது மட்டும் கூடாது. புதிதாக ஒன்றைத் தொடங்குமுன் இந்தப் பழைய ஆவணங்களைத் தேடிப் படிப்பதைப்போல் மலிவான ஆராய்ச்சி வேறில்லை.

எப்போது காப்புரிமையே சரி: பிரித்தால் தெரியும் புதுமை, பத்தாண்டாவது விலைபோகும் பொருள், முதலீட்டாளரையோ பெரிய நிறுவனத்தையோ அணுகும் திட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும்போது. வழக்குப் போட வசதியில்லாதவருக்கும், உரிமம் கொடுத்து வருமானம் பார்க்கவோ நிறுவனத்தை விற்கவோ எண்ணமிருந்தால், காப்புரிமை பேரம் பேசக் கைகொடுக்கும். அந்த எண்ணமும் இல்லை, வழக்குக்கும் போகமாட்டோம் என்றால், வாங்குவது பெருமைக்காகத்தான் என்பதை ஒப்புக்கொண்டு வாங்கலாம்.

## தொழில் ரகசியம்

ரகசியத்துக்குப் பதிவு இல்லை, கட்டணம் இல்லை, கால வரம்பும் இல்லை. 1851-இல் லண்டனிலும் 1876-இல் பிலடெல்பியாவிலும் நடந்த உலகக் கண்காட்சிகளில் வைக்கப்பட்ட பொருட்களை ஆராய்ந்த பெட்ரா மோசர் என்ற பொருளியல் வரலாற்றாளர், அப்போது காப்புரிமைச் சட்டமே இல்லாதிருந்த சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளிலும் புத்தாக்கம் செழித்திருந்ததைக் கண்டார். ஆனால் அது அறிவியல் கருவிகள், உணவுப் பதப்படுத்தல் போன்ற, ரகசியமாக வைத்துக்கொள்ள ஏற்ற துறைகளிலேயே குவிந்திருந்தது. சட்டம் இல்லாததால் புத்தி நின்றுவிடவில்லை. மறைக்க முடிந்த பக்கமாகத் திரும்பிக்கொண்டது. நம் பம்பின் மூன்று பாகங்களில் எது எந்தப் பக்கம் சேரும் என்று பிரிக்க இதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது.

இந்தியாவில் ரகசியத்தைக் காக்கத் தனிச்சட்டம் இல்லை. ஒப்பந்தச் சட்டமும், நம்பிக்கை மீறலுக்கு எதிராக நீதிமன்றங்கள் வளர்த்தெடுத்த கோட்பாடுகளுமே துணை. சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் அளித்த 289-ஆம் அறிக்கையில் தனிச்சட்டம் வேண்டுமென்று பரிந்துரைத்து வரைவு ஒன்றையும் இணைத்தது.

இதைவிடக் கூர்மையான சிக்கல் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒருவரை அவர் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது அந்தப் பிரிவு. உங்கள் உலையைப் பத்து ஆண்டு பார்த்துக்கொண்ட சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டுப் போட்டியாளரிடம் சேர்வதைத் தடுக்க, "இரண்டு ஆண்டு வேறெங்கும் சேரமாட்டேன்" என்று எழுதி வாங்கிய தாள் நீதிமன்றத்தில் நிற்காது. ரகசியத்தைச் சொல்லக் கூடாது என்ற உறுதிமொழியை மட்டும் வலியுறுத்தலாம். அதையும் நிரூபிக்க வேண்டுமானால், எது ரகசியம் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருந்திருக்க வேண்டும்; யார் யாருக்குத் தெரியும் என்ற பதிவு வேண்டும்; வெப்பநிலை அட்டவணை எல்லோரும் பார்க்கும் சுவரில் ஒட்டப்பட்டிருக்கக் கூடாது. ஜாப் ஒர்க்குக்கு வெளியே கொடுக்கும் பழக்கமுள்ள ஊரில் இது மிகக் கடினமான ஒழுங்கு. வார்ப்பு ஓரிடம், பதப்படுத்தல் ஓரிடம், கடைசல் ஓரிடம் என்று பொருள் சுற்றி வரும்போது ரகசியமும் கூடவே சுற்றும்.

மறைவான செலவு இன்னொன்று. வேறொருவர் தாமாகவே அதே முறையைக் கண்டுபிடித்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தால், நாங்கள் முன்பே செய்துவந்தோம் என்பதைத் தேதியிட்ட பதிவேடுகளைக் கொண்டு நிரூபித்து அந்தக் காப்புரிமையை எதிர்க்கும் பாரம் உங்கள் தலையில் விழும். பதிவேடு எழுதாதவர், தான் கண்டுபிடித்ததைத் தானே செய்ய அனுமதி கேட்டு நிற்கும் நிலை வரலாம். புத்தாக்கத்தின் நோக்கில் பார்த்தால் நான்கு வழிகளில் இதுதான் மிகக் கஞ்சத்தனமானது. உரிமையாளர் தொழிலை மூடினால் அறிவும் அவரோடு போய்விடும்.

எப்போது ரகசியமே சரி: பதப்படுத்தல், கலவை விகிதம், அளவமைப்புத் தரவுகள் போல விற்கும் பொருளில் தெரியாதவை, அறிந்தவர் எண்ணிக்கை ஒரு கைவிரலுக்குள் அடங்குவது, செய்முறை முழுவதும் உங்கள் கூரைக்குள்ளேயே நடப்பது.

## தற்காப்பு வெளியீடு

எனக்குத் தனியுரிமை வேண்டாம், ஆனால் வேறு எவரும் இதற்கு உரிமை கொண்டாடி என்னைத் தடுக்கக் கூடாது என்று நினைப்பவருக்கான வழி இது. ஒரு முறை வெளியாகிவிட்ட செய்தி புதியதல்ல. புதியதல்லாததற்குக் காப்புரிமை கிடையாது. ஐபிஎம் நிறுவனம் 1958 முதல் 1998 வரை இதற்கென்றே ஒரு தொழில்நுட்ப வெளியீட்டை நடத்தியது.

எழுதி வைப்பதன் வலிமையை நாம் மஞ்சளில் கண்டோம். காயத்துக்கு மஞ்சள் தடவும் முறைக்கு 1995-இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டபோது, அது நம் வீட்டு வழக்கம் என்று சொல்வது மட்டும் போதவில்லை. அச்சிட்ட சான்று வேண்டியிருந்தது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும், 1953-இல் இந்திய மருத்துவ இதழொன்றில் வந்த கட்டுரையையும் தேடி எடுத்துக் கொடுத்த பிறகு 1997-இல் அது ரத்தானது. அந்த அனுபவத்திலிருந்து 2001-இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகம், சித்த மருத்துவ முறைகள் உட்பட ஏராளமான குறிப்புகளைக் காப்புரிமைத் தேர்வாளர்கள் தேடிப் பார்க்கும் வடிவில் தொகுத்திருக்கிறது. தேடினால் கிடைக்கும் இடம், தெளிவான தேதி, துறை அறிந்த ஒருவர் படித்துச் செய்யக்கூடிய அளவு விவரம் ஆகிய மூன்றும் இல்லாத வெளியீடு பெட்டியில் பூட்டிய தாளைப் போலத்தான். கடையின் முகநூல் பக்கத்தில் போட்ட அரை நிமிடக் காணொளி இதற்குப் போதாது.

சிறு நிறுவனத்துக்கு ஒரு மலிவான உபாயம் உண்டு. முழு விவரக்குறிப்புடன் காப்புரிமை விண்ணப்பத்தைத் தாக்கல் செய்து, படிவம் 9-இல் 2,500 ரூபாய் கட்டி முன்கூட்டிய வெளியீடு கோரலாம். விண்ணப்பக் கட்டணத்தோடு சேர்த்து 4,100 ரூபாய். அவசரமில்லையென்றால் பதினெட்டு மாதத்தில் தானாகவே வெளியாகும். தேர்வாளர்கள் முதலில் தேடும் தரவுத்தளத்திலேயே உங்கள் செய்முறை தேதியோடு பதிவாகிவிடும். ஆய்வு கோருவதற்கு 31 மாத அவகாசம் இருப்பதால், இடையில் மனம் மாறினால் முழுக் காப்புரிமைப் பாதைக்கே திரும்பலாம். 2024 விதித் திருத்தத்துக்கு முன் இந்த அவகாசம் 48 மாதமாக இருந்தது. பழைய குறிப்புகளை நம்பிக் காலக்கெடுவைத் தவறவிட வேண்டாம்.

பிறர் பயன்படுத்தினால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்குக் கார்ன்வால் சுரங்கங்களில் விடை இருக்கிறது. அங்கே நீராவி எஞ்சின்களின் முதன்மை வேலை சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை இறைப்பதுதான். நம் பம்புக்கு நெருங்கிய உறவு. வாட்டின் காப்புரிமை 1800-இல் முடிந்த பிறகு, 1811-இல் ஜோயல் லீன் என்ற சுரங்க மேலாளர், ஒவ்வொரு எஞ்சினும் ஒரு குறிப்பிட்ட அளவு நிலக்கரிக்கு எவ்வளவு தண்ணீர் இறைத்தது என்பதை மாதந்தோறும் வெளியிடத் தொடங்கினார். எந்த வடிவமைப்பு நன்றாக உழைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ரிச்சர்டு டிரெவிதிக் தன் உயரழுத்த எஞ்சினைக் காப்புரிமை இல்லாமலேயே அங்கே நிறுவினார். அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த எஞ்சின்களின் திறன் பல மடங்கு உயர்ந்தது. இது ஏன் அங்கே நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்: சுரங்க முதலாளிகளின் லாபம் தாமிரத்திலும் வெள்ளீயத்திலும் இருந்தது, எஞ்சின் அவர்களுக்குச் செலவு. எஞ்சினையே விற்றுப் பிழைக்கும் ஒருவருக்கு இந்தத் தாராளம் கட்டுப்படியாகாது.

எப்போது வெளியீடு சரி: உங்கள் வருமானம் அந்தப் புதுமையிலிருந்து நேரடியாக வராமல் சேவை, விநியோகம், பிராண்டு ஆகியவற்றிலிருந்து வரும்போது, பெரிய போட்டியாளர் காப்புரிமை பெற்று உங்களை முடக்கிவிடுவாரோ என்ற அச்சம், நகலெடுப்பாரோ என்ற அச்சத்தைவிடப் பெரிதாக இருக்கும்போது. ஒரு முறை வெளியிட்டால் திரும்பப் பெற முடியாது என்பதே இதன் ஒரே பெரிய விலை.

## பெற்றுத் திறந்துவிடுதல்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் சிறு நிறுவனங்களில் மிகச் சிலருக்கே இது பொருந்தும். மூன்று இடங்களில் பிடிக்கும் இருக்கைப் பட்டையை வோல்வோவின் நில்ஸ் போலின் 1959-இல் உருவாக்கியபோது, நிறுவனம் காப்புரிமை பெற்றும் அதை எல்லா வாகன உற்பத்தியாளர்களும் பயன்படுத்த அனுமதித்தது. டெஸ்லா 2014-இல் தன் மின்வாகனக் காப்புரிமைகளை நல்லெண்ணத்தோடு பயன்படுத்துவோர்மீது வழக்குத் தொடுப்பதில்லை என்று அறிவித்தது. ஆனால் டெஸ்லாவுக்கு எதிராகத் தம் அறிவுசார் சொத்துரிமையைக் கொண்டு வழக்குப் போடுவோருக்கு அந்தச் சலுகை இல்லை. முதல் நிகழ்வில் உயிர்கள் காக்கப்பட்டன. இரண்டாவதில், மின்வாகனச் சந்தை பெருகினால் முன்னே நிற்பவருக்கே லாபம் என்ற கணக்கும் இருந்தது. சந்தையே இன்னும் உருவாகாத பொருளுக்கும், பலரும் ஒரே தரநிலையைப் பின்பற்றினால்தான் விலைபோகும் இணைப்பு முறைகளுக்கும் இது ஏற்றது. மற்றவர்களுக்கு, செலவை முழுதும் ஏற்று வரவை விட்டுக்கொடுக்கும் வழி.

## மூன்று பாகங்களுக்கு மூன்று விடைகள்

இம்பெல்லர் வடிவம் பிரித்தால் தெரியும். பம்பு மாடல்கள் நீண்ட காலம் விற்கும். ஆகவே காப்புரிமை. தோற்றத்தில் மட்டுமே புதுமையுள்ள வெளிக்கூட்டுக்கு வடிவமைப்புப் பதிவு போதும். அது பத்து ஆண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டும் நிற்கும். செயல்பாட்டைத் தீர்மானிக்கும் வடிவத்துக்கு அந்தப் பதிவு பாதுகாப்பு தராது என்பதால் இம்பெல்லரை அதில் அடக்க முயல வேண்டாம்.

வெப்பப் பதப்படுத்தல் ரகசியமாக இருக்கட்டும். இதற்குக் காப்புரிமை பெற்றால் செய்முறையை எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்தவர் தம் உலைக்குள் என்ன செய்கிறார் என்று பார்க்க முடியாமல் வெளியே நிற்க வேண்டியிருக்கும். காப்புரிமை விண்ணப்பத்தில் இம்பெல்லரைப் பற்றி எழுதும்போது உற்சாக மிகுதியில் பதப்படுத்தல் முறையையும் சேர்த்து எழுதிவிடாமல் முகவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. அதே நேரம், அந்தப் பதப்படுத்தல் இல்லாமல் இம்பெல்லர் வேலையே செய்யாது என்றால் அதை மறைப்பது காப்புரிமையையே ரத்து செய்யும் காரணமாகிவிடும்.

ஸ்டார்ட்டர் நிரலில்தான் எனக்குத் தயக்கம். கணினி நிரலை நிரல் என்ற அளவில் மட்டும் காப்புரிமைக்கு உரியதல்ல என்று சட்டத்தின் பிரிவு 3(கே) விலக்குகிறது. மின்னோட்டத்தை அளந்து மோட்டாரைக் காக்கும் அமைப்பு, தொழில்நுட்ப விளைவைத் தருவது என்று வாதிட்டு உள்ளே நுழையலாம், முடியாதென்றில்லை. ஆனால் மின்னணுவில் இரண்டு ஆண்டுக்கொரு முறை போர்டு மாறிவிடும், இதே வேலையை வேறு வழியில் செய்யப் பல வழிகள் உள்ளன, எந்த வழியில் செய்தார்கள் என்பதை மற்றவரின் சிப்புக்குள் புகுந்து பார்ப்பதும் கடினம். நிரலின் மூல வடிவத்துக்குப் பதிப்புரிமை இருக்கவே இருக்கிறது. அடிப்படை முறையை வெளியிட்டுவிட்டு, வெவ்வேறு குதிரைத்திறன் மோட்டார்களுக்குக் களத்தில் சேகரித்த அளவீட்டு எண்களை மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்வதையே நான் தேர்ந்தெடுப்பேன். உழைப்பு முழுவதும் அந்த எண்களில்தான் இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வரிசை மாறக் கூடாது. கொடிசியா வளாகக் கண்காட்சியில் பம்பை வைப்பதற்கும், டீலருக்கு மாதிரி அனுப்புவதற்கும், கல்லூரிக் கருத்தரங்கில் படம் காட்டுவதற்கும் முன்பாகவே, கண்டுபிடிப்பின் முதல் விளக்கமான தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிட வேண்டும். கண்காட்சிகளுக்குச் சட்டம் தரும் விலக்கு, மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டுமே உரியது. விவசாயி ஒருவரின் கிணற்றில் சோதனைக்காக இறக்கிப் பார்க்கும்போது, இது சோதனைதான், விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்று அவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தற்காலிக விவரக்குறிப்புத் தாக்கல் செய்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தர வேண்டும்; விற்பனை எப்படி, முதலீடு வருமா, யாராவது நகலெடுக்கத் தொடங்கிவிட்டார்களா என்று பார்த்து நான்கு வழிகளில் எது என்று உறுதி செய்ய அந்த ஓராண்டு போதும். அதே காலத்தில் வெளிநாட்டில் விண்ணப்பிக்க எண்ணினால், இந்தியாவில் தாக்கல் செய்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது பிரிவு 39-இன்படி முன் அனுமதி பெற வேண்டும். இதை மீறினால் இந்திய விண்ணப்பமே கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.